நாலாம் நம்பர் சிரிப்பு

நீங்க பார்க்கற பார்வையிலயே தெரிஞ்சு போச்சுங்க டீச்சர். அரக்கோணம் தாண்டுனதுல இருந்து மூணு தடவை பார்த்துட்டீங்க. மொதத் தடவை, இந்த மூஞ்சியை எங்கியோ பார்த்திருக்கமேன்னு. ரெண்டாந் தடவை கண்டுபிடிச்சுட்டீங்க. மூணாந் தடவை விடைத்தாள் கட்டைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு சன்னல் பக்கமாத் திரும்பிட்டீங்க. டீச்சர்னு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? சிவப்பு மையில திருத்திக்கிட்டு வர்றீங்களே. நானும் எட்டிப் பார்த்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. மேல இருக்கற பையனுக்கு இன்னொரு ரெண்டு மார்க் போட்டிருக்கலாம்.

ஆமாங்க, நான்தான். சென்னி. முழுப்பேரு சென்னியப்பன், ஊரு பவானி. 'குபீர்' நிகழ்ச்சியில சிவப்புச் சோபாவுல உக்காந்திருப்பனே, நடுவரு. ஒரு பொம்பளை கண்ணீர் விட்டப்ப விழுந்து விழுந்து சிரிச்சவன். அதானுங்களே நெனச்சீங்க? நெனைங்க. ஊரே நெனைக்குது. ஆனா ஈரோடு வர இன்னும் நாலு மணி நேரம் இருக்குது. என்ற பக்கத்தையும் ஒருக்கா கேட்டுப்போட்டு நெனைங்க.

அந்தச் சிரிப்பு என்னோடதுதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அது அன்னிக்குச் சிரிச்சது இல்லீங்க. அது செவ்வாய்க்கிழமை சிரிச்ச சிரிப்பு. அந்தப்புள்ள பேசுனது வியாழக்கிழமை.

புரியலைங்களா? முதல்ல இருந்து சொல்றேன்.

அந்தப்புள்ள பேரு செல்வநாயகி. டிவியில பார்த்தப்ப உங்களுக்கு அது யாரோ ஒரு போட்டியாளரு. எனக்கு அப்படி இல்லை. குமாரபாளையம். எங்கூருக்கும் அவங்கூருக்கும் நடுவுல ஆறு மட்டும்தான். ஒன்பது வருசம் 'சென்னி நாயகி'ன்னு ரெண்டு பேரும் சேர்ந்து மேடை ஏறியிருக்கோம். கோயில் நோம்பி, காலேஜ் ஆண்டு விழா, லயன்ஸ் கிளப்பு, மில்லுல ஆயுத பூசை. மேடையில புருசன் பொண்டாட்டி மாதிரி சண்டை போடுவோம். மேடையில மட்டும்தானுங்க. கீழ இறங்குனா அது எனக்குத் தங்கச்சி, 'ஏனுங்கண்ணா'ன்னுதான் கூப்பிடும். வீட்டுக்காரரு மாரப்பன், விசைத்தறி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. எங்களை ஊர் ஊராக் கூட்டிக்கிட்டுப் போற மாருதி வேனை அவருதான் ஓட்டுவாரு.

வசனம் எல்லாம் நாயகி எழுதும். தறிக்கூடத்துல கணக்கு எழுதற நோட்டுல பின்னாலிருந்து எழுதிக்கிட்டு வரும். நான் அதைச் சொல்லுவேன். எழுதறது எல்லாருந்தான் எழுதறாங்க. சொல்றவன் சொன்னாத்தானுங்க சிரிப்பு? ஒண்ணு சொல்றேன் பாருங்க. பொண்டாட்டி கேக்கும், "ஏனுங்க, வாயைத் தெறந்தீங்க, ஒண்ணுமே சொல்லலையே?" நான் சொல்லுவேன், "என்னமோ சொல்ல வந்தேன், மறந்து போச்சு." "எப்பச் சொல்ல வந்தீங்க?" கொஞ்சம் இடைவெளி விடுவேன். கூட்டத்தைப் பார்ப்பேன். அப்பறம், "தாலி கட்டறதுக்கு முன்னாடி." அவ்வளவுதான், பந்தலே ஆடும்.

சிரிக்கறீங்க. பார்த்தீங்களா, வண்டி ஆட்டத்துலயே சிரிப்பு வருது. அந்த இடைவெளி இருக்குதே, அது என்ற கண்டுபிடிப்பு. நோட்டுல அது இருக்காது. கடைசி வரி எப்பவும் எனக்குத்தான் வரும். ஏன் கடைசி வரியை எனக்கே எழுதுதுன்னு நான் கேட்டதில்லை. நல்லாச் சொல்றவனுக்குத்தானே குடுப்பாங்க.

அப்பறம் ஒரு நாள் கோயமுத்தூர்ல ஒரு டிவிக்காரங்க ஆள் எடுக்கறாங்கன்னு போனோம். பெரிய சிரிப்புப் போட்டி. அங்க போனா, ஜோடியெல்லாம் கிடையாது, தனி ஆளாத்தான் பேசணும்னு சொல்லிப்போட்டாங்க. ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் பேரு குடுங்கன்னு ஒரு புள்ள பேனாவோட நிக்குது. நாயகி, "நீங்க போங்கண்ணா"ன்னு சொல்லுச்சு. சொல்லுச்சுங்களா... சொல்லத்தான் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அதுக்குள்ள நான் பேரு குடுத்துட்டேன். திரும்பி வர்றப்ப வேன்ல சொன்னேன், "அம்மணி, நான் உள்ள நுழைஞ்சுட்டேன்னா அடுத்த மாசமே உன்னையும் இழுத்துக்கறேன்." அது சரீன்னு தலையை ஆட்டுச்சு. மாரப்பன் ஒண்ணும் பேசலை. அவரு எப்பவுமே பேச மாட்டாரு.

போட்டியில ரெண்டாம் பரிசு வாங்குனனுங்க. இவ்வளவு நாளா ரெண்டு பேரு சொல்லிக்கிட்டு இருந்ததை நான் ஒருத்தனே சொன்னேன். நாயகி வசனத்தைக் கீச்சுக் குரல்ல சொல்லுவேன், என்ற வசனத்தை என்ற குரல்ல. கீச்சுக் குரலுக்குத்தான் கைதட்டு அதிகம். நடுவருங்க கேட்டாங்க, யாருப்பா எழுதறதுன்னு. நேரம் இல்லாததால, "நானேதானுங்க"ன்னு சொல்லிட்டேன். லைவ் நிகழ்ச்சியில எல்லாத்தையும் விளக்கிக்கிட்டு இருக்க முடியுங்களா?

அப்பறம் சினிமா. பதினாலு படம். பதினாலுலயும் ஹீரோவுக்கு நண்பன். பேரே கிடையாது, 'டேய்'தான். ஹீரோ காதல்ல செயிச்சா என்ற தலையில ஒண்ணு வைப்பாரு, தோத்தா கன்னத்துல ஒண்ணு. ஒரு படத்துல எட்டு சீன் எடுத்தாங்க. தியேட்டர்ல போயிப் பார்த்தா ஏழு சீனைக் காணோம். மிச்சம் இருந்த ஒண்ணுலயும் முதுகுதான் தெரியுது. என்ற சம்சாரம் கோகிலா மட்டும் கண்டுபிடிச்சு, "அந்தா உங்க முதுகு"ன்னு கையை நீட்டுனா. நல்லாத்தான் நடிச்சிருந்துச்சுங்க அந்த முதுகு. நான் சும்மா சொல்லலை.

போட்டிக்குப் போனதுல இருந்து பதினோரு வருசமா நாயகியைக் கூப்பிடவே இல்லையான்னு கேப்பீங்க. போன் தொலைஞ்சு போச்சுங்க. அதுல இருந்த நம்பரெல்லாம் போச்சு. அப்பறம் நாலு போன் மாத்திட்டேன், எதுலயும் அந்த நம்பர் இல்லை. ஆறு தாண்டுனா வீடுதான், வாஸ்தவம். ஆனா ஊருக்கு வர்றதே பொங்கலுக்கு ரெண்டு நாளு. வந்தாச் சொந்தக்காரங்க விடறாங்களா? இவன் மண்டபத்துல பேசு, அவன் கடையைத் திறந்து வைன்னு.

படம் கொறைஞ்சு, சீரியல்ல ரெண்டு வருசம் மாமனா உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் 'குபீர்' வந்துச்சு. நடுவர் வேலை. டைரக்டர் ஆதவன்னு சின்ன வயசுக்காரரு, நெம்ப மரியாதையான ஆளு. முதல் நாளே சொல்லிட்டாரு, "அண்ணா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சிரிச்சாப் போதும்."

சிரிப்புல நம்பர் இருக்குதுங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாது. ஒண்ணாம் நம்பர், உதட்டுல மட்டும். ரெண்டாம் நம்பர், பல்லு தெரியணும். மூணு, மேசையைத் தட்டிச் சிரிக்கணும். நாலு, சோபாவுல பின்னால சாஞ்சு காலைத் தூக்கிக்கிட்டு உருளணும். அஞ்சு, கைக்குட்டையில கண்ணைத் துடைச்சுக்கணும். செவ்வாய்க்கிழமை காலையில, கூட்டம் வர்றதுக்கு முன்னாலயே, எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்குவாங்க. மேடையில ஒரு ஆளு கிடையாது. ஒருத்தன் ஏணியில நின்னு பல்பு மாட்டிக்கிட்டு இருப்பான். ஆதவன் மைக்குல, "அண்ணா, நாலு"ன்னு சொன்னா, நான் அந்தக் காலி மேடையைப் பார்த்து உருண்டு சிரிப்பேன். "இன்னொரு நாலு, அண்ணா." மறுபடியும் உருளுவேன். ஒரு காலையில நாப்பது சிரிப்பு. அப்பறம் யாரு என்ன ஜோக்கு சொன்னாலும், அந்தந்த எடத்துல ஒட்டிக்குவாங்க.

ஏமாத்து வேலைன்னு நெனைப்பீங்க. அதுதானுங்க நடிப்பு. ஒண்ணுமே இல்லாததுக்குச் சிரிக்கறவன் நடிகன். ஜோக்கு கேட்டுச் சிரிக்கறவன் ஆடியன்ஸ்.

அந்த வியாழக்கிழமை பேரு வாசிச்சாங்க. "குமாரபாளையம் செல்வநாயகி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மேடையில வந்து நிக்குது. முன்னாடி முடியில கொஞ்சம் நரை, ஆளு இளைச்சிருந்துச்சு. ஊதாச் சேலை. "அண்ணா, நல்லா இருக்கீங்களா?"ன்னு மைக்குலயே கேட்டுச்சு. நான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன். கூட்டம் கைதட்டுச்சு. அதையெல்லாம் டிவியில போடவே இல்லைங்க. போட்டிருந்தா நான் எப்படிப்பட்டவன்னு சனங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஆரம்பத்துல நல்லாச் சிரிக்க வெச்சுது. நம்ம நாயகியாச்சே. அப்பறம் எட்டாவது நிமிசத்துல கஷ்டம் வரும். அது நிகழ்ச்சியோட ரூலுங்க. எல்லாப் போட்டியாளரும் எட்டாவது நிமிசத்துல வீட்டுல இருக்கற ஒரு கஷ்டத்தைச் சொல்லணும், பின்னால வயலின் போடுவாங்க. ஒருத்தனுக்குக் கஷ்டமே இல்லைன்னு அவன் பாட்டிக்குக் கண் ஆபரேசன்னு எழுதிக் குடுத்தாங்க. மூணு சீசனா நூத்தியிருவது கஷ்டம் கேட்டிருக்கேன். காது மரத்துப் போகுங்களா, போகாதுங்களா?

அதுவுமில்லாம அன்னிக்கு எனக்கு வேற ஒரு சோலி இருந்துச்சு. சனிக்கிழமை ஒரு பெரிய டைரக்டரு என்னை வரச் சொல்லியிருந்தாரு. காமெடி இல்லைங்க, குணச்சித்திர வேசம்! கூட்டுக் குடும்பத்துல மூத்த அண்ணன். பதினாலு படத்துக்கு அப்பறம் எனக்குப் பேரு வெச்ச வேசம், 'பெரியண்ணன் நல்லதம்பி'. ஒரு முக்கியமான சீனு. தங்கச்சி வந்து தன்னோட கஷ்டத்தை எல்லாம் கொட்டும். அண்ணனுக்கு வசனமே கிடையாது. பேசாமக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும், மூஞ்சியிலயே காட்டணும். "உங்களால முடியுமா சென்னி?"ன்னு கேட்டாரு. முடியுமாவா? மூணு நாளா வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகிக்கிட்டு இருந்தேன்.

நடுவர் மேசைக்கு உள்பக்கமா ஒரு சின்ன டிவி வெச்சிருப்பாங்க. அதுல நம்ம மூஞ்சி எப்படித் தெரியுதுன்னு நாமளே பார்த்துக்கலாம். நாயகி பேசிக்கிட்டு இருக்கறப்ப தற்செயலாக் குனிஞ்சனுங்க. அந்த வெளிச்சத்துல என்ற மூஞ்சி அருமையா இருந்துச்சு. சரி, இப்பவே ஒருக்கா பார்த்துக்கலாம்னு தங்கச்சி கஷ்டத்தைக் கேக்கற அண்ணன் மாதிரி வெச்சுப் பார்த்தேன். புருவத்தைக் கொஞ்சம் ஏத்துனேன். அது ஆச்சரியப்படற மாதிரி இருந்துச்சு. எறக்குனேன். கோவம் மாதிரி. ஒரு பக்கம் மட்டும் எறக்கி, உதட்டை லேசாக் கடிச்சேன். அப்பத்தானுங்க வந்துச்சு! அந்த உருக்கம்! அதைப் புடிச்சு அப்படியே வெச்சுக்கிட்டேன். அதுக்குள்ள கைதட்டுச் சத்தம் கேட்டுச்சு, நாயகி கும்பிட்டுட்டு இறங்கிப் போயிருச்சு.

பத்து நாள் கழிச்சு ஒளிபரப்பாச்சு. அன்னிக்கே ஆரம்பிச்சுது. பன்னெண்டு செகண்டு வீடியோ, நீங்களும் பார்த்திருப்பீங்க. நாயகி கண்ணுல தண்ணி, குரல் கம்முது. அடுத்த நொடி நான் சோபாவுல காலைத் தூக்கிக்கிட்டு உருளறேன். நாலாம் நம்பரு! பால்காரன்ல இருந்து பேங்குல உக்காந்திருக்கற அம்மா வரைக்கும் எல்லார் செல்லுலயும் நான் உருளறேன். கோகிலா ரேசன் கடைக்குப் போனா, வரிசையில நின்ன பொம்பளைங்க அவ முன்னால நகந்து போறதுக்கு எடம் விட்டாங்களாம். மரியாதைக்கு இல்லைங்க. பக்கத்துல நிக்கப் பிடிக்காம.

முழு நிகழ்ச்சியையும் பார்த்தீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க. முழுசா எதுக்குங்க பார்க்கணும்? நான்தான் அங்கயே உக்காந்திருந்தனே! கீழ சனங்க எழுதறதையும் படிக்கறது இல்லை. டாக்டர் வேண்டாம்னுட்டாரு, பிரசரு.

நேரா எடிட்டிங் ரூமுக்குப் போனேன். ஜெசிந்தான்னு ஒரு புள்ளதான் எடிட்டரு. நல்ல புள்ள. அழுதுக்கிட்டே சொல்லுச்சு, "சார், அந்த அம்மா அழுததுக்கு அப்பறம் ஒரு ஜோக் சொன்னாங்க. அதுக்குத்தான் உங்க சிரிப்பை ஒட்டினேன். எபிசோடு நீளமா இருக்குன்னு கடைசியில ஜோக்கை வெட்டச் சொன்னாங்க. ஜோக்கை வெட்டிட்டேன், சிரிப்பை வெட்ட மறந்துட்டேன்." கேட்டீங்களா? ஜோக்கை வெட்டிட்டாங்க, சிரிப்பை வெட்ட மறந்துட்டாங்க! இதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

"சரிம்மா, அந்த நேரத்துல நான் நெசமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன், அதைக் காட்டு"ன்னேன். நடுவருக்குன்னு தனிக் கேமரா இருக்குது, அதுல சத்தம் கிடையாது, படம் மட்டும் பதிவாகும். போட்டுக் காட்டுச்சு. அஞ்சு நிமிசம். நான் சிரிக்கவே இல்லைங்க! ஒரு பல்லுத் தெரியலை! குனிஞ்சு என்ற மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, புருவத்தை ஏத்தறேன், எறக்கறேன். நடுவுல ஒருக்கா முடியைத் தள்ளி விட்டுக்கறேன். அவ்வளவுதான். எனக்கு அப்படியொரு நிம்மதி. "இது போதும்மா, இதை ஒரு காப்பி குடு, நான் ஊருக்கே காட்டறேன்"ன்னேன். அந்தப்புள்ள என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "சார், இதை மட்டும் யாருக்கும் காட்டாதீங்க. அந்தச் சிரிப்பே தேவலாம்"னு சொல்லுச்சு. சின்னப்புள்ள, பயந்துக்குச்சு. வேலை போயிருமோன்னு.

ஆனா ஒரு சாட்சி மட்டும் பத்தாதுன்னு தோணுச்சு. நாயகியே ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரு பேச முடியும்? பொறப்பட்டுக் குமாரபாளையம் போனேன். பதினோரு வருசத்துக்கு அப்பறம் போறேன், மைசூர்பாகு ஒரு கிலோ வாங்கிக்கிட்டுப் போனேன்.

என்னைப் பார்த்ததும் ஒரு நிமிசம் வாசல்லயே நின்னுச்சு. அப்பறம் "வாங்கண்ணா"ன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு, காப்பி போட்டுக் குடுத்துச்சு. தறிச் சத்தம் இல்லாம வீடு அமைதியா இருந்துச்சு. தறியை வித்துட்டாங்களாம். முன்கூடத்துல யாரோ பெரியவரு போட்டோ, மாலை போட்டு, சின்னதா சிவப்பு பல்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மாமனாரா இருக்கும்னு நெனச்சு, நிமிர்ந்து பார்க்காமயே ஒரு கும்பிடு போட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. "மாப்ள நல்லா இருக்காருங்களா அம்மணி?"ன்னு விசாரிச்சேன். "இப்ப அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்கண்ணா"ன்னு சொல்லுச்சு. நல்ல சேதிதானேன்னு நான் நேரா விசயத்துக்கு வந்துட்டேன்.

எல்லாத்தையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமைச் சிரிப்பு, ஜெசிந்தா, வெட்டுன ஜோக்கு, எல்லாம். பொறுமையாக் கேட்டுக்கிச்சு. கேட்டுப்போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "அண்ணா, நான் அன்னிக்குப் பேசுனதைக் கேட்டீங்களா?"

"கேக்காம? பிரமாதம் அம்மணி. அந்த டைமிங் உன்னை விட்டுப் போகவே இல்லை"ன்னேன்.

என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் சிரிச்சுச்சு. அப்படியொரு சிரிப்புங்க, சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க. கடைசியில கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "செல்லை எடுங்கண்ணா, சொல்லிடறேன்"னுச்சு. ஒரே டேக்குலயே சொல்லிருச்சு. எனக்கு இன்னும் மனப்பாடம்: "எல்லாருக்கும் வணக்கமுங்க. சென்னி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கலீங்க. நான் சத்தியமாச் சொல்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை."

எவ்வளவு பெரிய மனசு பாருங்க! இதைவிட என்ன சாட்சி வேணும்? சென்னை வந்த உடனே ரெண்டையும் சேர்த்துப் போட்டேன். மேல நாயகி பேசறது, கீழ சத்தமில்லாத அஞ்சு நிமிசம். தலைப்பு, 'உண்மை இதுதான்'. கோகிலா, "வேண்டாங்க, ஒருக்கா நீங்களே போட்டுப் பாருங்க"ன்னு சொன்னா. அவளுக்கு இந்தத் தொழில் தெரியாதுங்க.

அதுக்கப்பறம் நடந்ததுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை. முதல் வீடியோவை நாலு லட்சம் பேரு பார்த்தாங்க, இதை நாப்பது லட்சம் பேரு பார்த்தாங்க. என்ற புருவத்துக்குப் பாட்டுப் போட்டு விட்டாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க என்னைப் பார்த்தா ஒரு பக்கப் புருவத்தை எறக்கி உதட்டைக் கடிக்கறாங்க. சிரிச்சாலும் திட்டறாங்க, சிரிக்கலைன்னு நிரூபிச்சாலும் திட்டறாங்க. ஒரு கலைஞன் என்னதாங்க பண்ணுவான்? அந்தப் பெரியண்ணன் வேசமும் போச்சு. டைரக்டரு வீடியோவைப் பார்த்துட்டு, "உருக்கம் வரலையே சென்னி"ன்னு சொல்லிட்டாரு. நாலாவது சீசனுக்கு வேற நடுவரு.

நாயகிக்கு மட்டும் எல்லாம் நல்லபடியா ஆச்சு. 'அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை'ங்கற அந்த வரிக்கே ஊரெல்லாம் கூப்பிட்டுக் கைதட்டுனாங்க. தனியா ரெண்டு மணி நேரம் மேடையில நின்னு பேசுது. ஒரு சினிமாவுக்கு வசனம் எழுதக் கூப்பிட்டுட்டாங்க. எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. யோசிச்சுப் பார்த்தா, நான் அந்த வீடியோவை எடுக்கப் போகலைன்னா இதெல்லாம் நடந்திருக்குமுங்களா?

இப்பக்கூட அந்தப் படத்துக்குத்தான் போறேன். கோபிச்செட்டிபாளையத்துல சூட்டிங்கு, எனக்கு ரெண்டு நாள் வேலை. நல்ல வேசமாம், பேரு இருக்குது, நாலு பக்கம் வசனம் இருக்குது. யாரு சிபாரிசுன்னு தெரியலை. வசனம் நாயகிதான். பழைய ஆளு ஒருத்தன் கூட இருந்தா அதுக்கும் ஒரு தைரியமா இருக்கும்னு நெனச்சிருப்பாங்க.

என்னங்க?

எட்டாவது நிமிசத்துலயா? அதான் சொன்னனே, வீட்டுக் கஷ்டம். எல்லாரும் சொல்றதுதான். இல்லீங்க, இன்ன கஷ்டம்னு குறிப்பா... ஏங்க, நீங்க முழுசாப் பார்த்தீங்களா? என்ன சொல்லுச்சு?

யாரு? மாரப்பனா?

இல்லீங்க டீச்சர், நான் வீட்டுக்கே போயிருந்தனே. நான் விசாரிச்சப்ப அது என்ற கிட்ட...

சரி. சரிங்க. நீங்க சொல்லுங்க.

பக்கவாதமா. ம். பேச்சு நின்னு போச்சா. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொன்னாரா. ம். அதுக்கு நாயகி தினமும் என்னத்தைப் பேசறது, பேச ஒண்ணும் இல்லாம... எங்க வசனத்தையா? நாங்க மேடையில சொல்லுவமே, அதையா? கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு? ரெண்டு பேரு வசனத்தையும் அதுவே சொல்லுச்சா? என்ற வசனத்தை என்ற குரல்லயேவா?

நாப்பது நாளா.

சிரிச்சாரா! மாரப்பன் சிரிச்சாரா? இல்லீங்க, உங்களுக்குத் தெரியாது. அந்த மனுசன் சிரிக்கவே மாட்டாருங்க. வேனை நிறுத்திப்போட்டு முன் வரிசையில வந்து உக்காருவாரு, ஒன்பது வருசம், ஒரு நாள் பல்லைக் காட்டுனதில்லை. பந்தலே சிரிக்கும், அவரு மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. மேடையில நின்னு நான் அவரை மட்டும்தான் பார்ப்பேன். இன்னிக்காச்சும் சிரிக்க வெச்சுப் போடணும்னு எத்தனை நாளு...

மறுநாள் காலையிலயா.

ம்.

கடைசியா என்ன சொல்லுச்சு? மறுக்கா சொல்லுங்க. 'அந்தச் சிரிப்புல பாதி, இதோ இங்க உக்காந்திருக்கற எங்கண்ணனோடது.' அப்படியேவா சொல்லுச்சு? என்னைக் கையைக் காட்டியா? அதுக்கு அடுத்துத்தான் என்னைய அப்படி உருளற மாதிரி...

இல்லப்பா, டீ வேண்டாம். இந்தம்மாவுக்கு மட்டும் குடு. எனக்கு வேண்டாம்பா, போ.

...

சேலம் தாண்டிருச்சுங்களா? கவனிக்கவே இல்லை.

டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்கதான் முழுசாப் பார்த்திருக்கீங்க. அவரு எந்த எடத்துல சிரிச்சாருன்னு அது சொல்லுச்சுங்களா? சொல்லலையா. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. சொல்லலை. ம்.

நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தப்புள்ளையைப் பார்க்கப் போறேன். கையைப் புடிச்சுக்கிட்டு துக்கம் விசாரிப்பேன். மன்னிச்சுக்க அம்மணின்னு சொல்லுவேன். அதெல்லாம் சொல்லாம இருப்பனா? எல்லாம் சொல்லி முடிச்சு, அதுவும் கண்ணைத் துடைச்சுக்கிட்டதுக்கு அப்பறம், மெதுவா இதை மட்டும் கேட்டா அது தப்பா எடுத்துக்குமுங்களா? அவரு சிரிச்சது நாயகி வசனத்துக்கா, இல்லை என்ற வசனத்துக்கா?